பொம்மைகள் தூங்கட்டும்!

உங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறானா? இருந்தால் ஒரு ஜோசியம் சொல்கிறேன், கேளுங்கள். ராத்திரி தாகமெடுத்து, விளக்கைப் போடாமல் கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போகும்போது நீங்கள் காலைத் தூக்கி வைத்து நடப்பதில்லை. ஆற்றில் ஆழம் பார்க்கிறவர் மாதிரி, தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்கிறீர்கள். சரிதானே? எனக்கு ஜோசியம் தெரியாது; அனுபவம் தெரியும். எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் அந்த நடைதான்.

மாம்பலத்தில் இரண்டு படுக்கை அறை கொண்ட அடுக்குமாடி வீடு எங்களுடையது. மாமியார், நாங்கள் இருவர், ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பிள்ளை. இந்த ஐந்து பேருக்கு இடம் தாராளமாகப் போதும். ஆனால் வாடகை கொடுக்காத ஒரு குடித்தனமும் எங்களோடு இருந்தது. சோபாவுக்கு அடியில் அவர்கள். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் அவர்கள். அரிசி டின்னுக்குப் பின்னால் அவர்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் கூட ஒரு தடவை பச்சை நிறத்தில் ஒரு முதலை ஸ்நானம் செய்துகொண்டிருந்தது. பொம்மைக் குடித்தனத்தைத்தான் சொல்கிறேன்.

இத்தனையும் எங்கிருந்து வந்தன என்கிறீர்களா? எந்த அம்மாவைக் கேட்டாலும், "நான் வாங்கவில்லை" என்றுதான் சத்தியம் செய்வாள். நானும் செய்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவத்துக்குப் போனால் மாட வீதியில் சும்மா வர முடிகிறதா? மெரினாவில் சுண்டல் வாங்கினால் சோப்புக் குமிழி ஊதுகிற குழலும் கூடவே வருகிறது. குழந்தைகளை யார் வீட்டுப் பிறந்த நாளுக்காவது அனுப்பினால், நாம் ஒரு பொம்மை கொடுத்துவிட்டுப் பதிலுக்கு இரண்டு வாங்கி வருகிறோம். அயல்நாட்டிலிருந்து என் தம்பி வரும்போதெல்லாம் அவன் பெட்டியில் பாதி பொம்மைதான்.

இதெல்லாம் வெளி வரவு. உள் வரவு ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் குழந்தைகள் தூங்கிப் போய்விடுகிற வாரங்கள் உண்டு. அப்படிப்பட்ட வாரத்தின் கடைசியில் வாசலில் ஒரு பார்சல் வந்து நிற்கும். டெலிபோனில் விரலால் தடவினால் போதும், மறுநாள் பொம்மை வந்து கதவைத் தட்டுகிற காலம் அல்லவா இது? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தடுப்பூசி போட்ட அன்று, நான் கோபத்தில் கத்திய மறுநாள் என்று நானும் வாங்கியிருக்கிறேன். நம்மால் உட்கார முடியாத நேரத்துக்குப் பதிலாகத்தான் பாதிப் பொம்மைகள் வீட்டுக்குள் வருகின்றன. இதை நான் தெரிந்துகொண்டது வெகு தாமதமாகத்தான்.

தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஒரு விபத்து நடந்தது.

*

அது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மாமியார் கூடத்து விளக்கைப் போடுவதற்காக எழுந்து வந்தார். சுவர் ஓரமாகக் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மோட்டார் வண்டி நின்றிருந்தது. அதன் மேல் குதிகால் பட்டது, வண்டி ஓடியது, மாமியார் விழுந்தார். கையை ஊன்றிக்கொண்டதால் இடுப்பு தப்பியது. வலது மணிக்கட்டு தப்பவில்லை. ஆறு வாரத்துக்கு மாவுக் கட்டு.

எழுபத்திரண்டு வயதில், தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியாமல், சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுகிற நிலைமை. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நான்தான் பார்த்து வந்திருக்கணும்" என்றார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

என் கோபம் பொம்மைகளின் மேல் திரும்பியது. திங்கட்கிழமை குழந்தைகள் பள்ளிக்கூடம் போனதும் முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன். உடைந்தது, சக்கரம் இல்லாதது, மூடி மட்டும் இருப்பது, ஜோடி இல்லாதது எல்லாம் சாக்குக்குள் போயின. விலை உயர்ந்தவை, பெட்டியோடு இருப்பவை, உறவினர் கேட்டால் காட்ட வேண்டியவை மட்டும் அலமாரியில் ஏறின. பழைய சாமான் வாங்குகிறவர் இரண்டு சாக்கையும் நிறுத்து எண்பத்தாறு ரூபாய் கொடுத்தார். கூடம் கண்ணாடி மாதிரி இருந்தது. காப்பி போட்டுக்கொண்டு நடுக் கூடத்தில் உட்கார்ந்து, ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டவள் போல் குடித்தேன்.

மத்தியானம் பிள்ளை வந்தான். பையைக் கழற்றினான். நேராகச் சோபாவின் பின்பக்கம் போனான். திரும்பி வந்தான்.

"அம்மா, என் ஸ்டீயரிங் எங்கே?"

"எந்த ஸ்டீயரிங்? பேட்டரியில் ஓடுகிற கார் அலமாரியில் இருக்கிறதே!"

"அது இல்லை. என் பஸ் ஸ்டீயரிங்."

எனக்குப் புரியவில்லை. அவனுடைய அக்கா வந்துதான் விளக்கினாள். எங்கள் வீட்டில் பழைய எவர்சில்வர் சம்புடம் ஒன்றின் மூடி தனியாக உருண்டுகொண்டிருந்தது. விளிம்பு நசுங்கியது, சம்புடத்தின் மேல் உட்காராது. அதுதான் ஸ்டீயரிங். சோபாவின் முதுகுதான் பஸ். பிள்ளை டிரைவர், பெண் கண்டக்டர். பாட்டி மட்டும்தான் பிரயாணி. மயிலாப்பூர் குளத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குவார். ஒரு வருஷ காலமாகத் தினமும் அந்த பஸ் ஓடியிருக்கிறது. நான் சமையலறையிலிருந்து "சத்தம் போடாதீர்கள்" என்று சொன்னதோடு சரி, எட்டிப் பார்க்கவில்லை.

பார்த்தீர்களா? நான் பொம்மைகளை விலையால் நிறுத்தேன். அவன் நிறுத்தது வேறு தராசு. வீட்டிலேயே அதிகமாக உழைத்த பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டியைவிட்டு இறங்காதவற்றுக்கெல்லாம் அலமாரியில் ஆசனம் கொடுத்திருந்தேன்.

பழைய சாமான்காரரைத் தேடிப் பிடித்தேன். சாக்குகள் அன்றைக்கே கைமாறிவிட்டன. புதிதாக ஒரு விளையாட்டு ஸ்டீயரிங் வாங்கிக் கொடுத்தேன். ஹாரன் அடிக்கும், பாட்டுக் கூடப் பாடும். அவன் வாங்கிக்கொண்டு, "தாங்க்ஸ்" என்று சொல்லி, அலமாரியில் வைத்துவிட்டான். அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அழவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைச் சுட்டது. மறு வாரம் படுக்கையை உதறும்போது அவன் தலையணை உறைக்குள்ளிருந்து இரண்டு மிருகங்களும் ஒரு சக்கரமும் விழுந்தன. பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்கு நடுவே பம்பரம். ஆசிரியை குறிப்பு எழுதி அனுப்பினார்: "விளையாட்டுச் சாமான் கொண்டு வருகிறான்." நான் துடைப்பத்தை எடுத்தால் ஓடி வந்து எனக்கு முன்னால் நிற்பான், தரையில் கிடப்பதை அள்ளி மடியில் கட்டிக்கொள்வான். வீடு குப்பையாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. குப்பை இருந்தபோது அவன் என்னைக் கண்டு ஒளிக்கவில்லையே!

*

புரட்டாசி பிறந்தது. மாமியாருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. ஆனாலும் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு பரண் மேலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கினோம். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்தார். நானும் குழந்தைகளும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம்.

கொலு வைக்கிற வீடுகளில் இந்தக் காட்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய வேஷ்டித் துணியைப் பிரிக்கப் பிரிக்க, உள்ளேயிருந்து ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். மரப்பாச்சித் தம்பதிகள், அவர்கள் மாமியாருக்குக் கல்யாணச் சீராக வந்தவர்கள். பண்ருட்டி மண் பொம்மைகள், காஞ்சீபுரத்துக் காகிதக் கூழ் பொம்மைகள், கடை பரப்பிய செட்டியார், தொட்டால் ஆடும் தஞ்சாவூர்த் தலையாட்டி. "அட, இவர் வந்துட்டாரா! இவளுக்கு மூக்கிலே சாயம் போயிருக்கே!" என்று மாமியார் ஒவ்வொன்றையும் ஊரிலிருந்து வந்த உறவினரைப்போல விசாரித்தார். குழந்தைகளுக்கு வாய் மூடவில்லை. ஒன்று கூடப் புதிதல்ல. எல்லாம் போன வருஷம் பார்த்தவை. ஆனாலும் அத்தனை ஆனந்தம்!

ஒன்பது நாளும் ஆயின. விஜயதசமி ராத்திரி வழக்கம்போல ஒரு பொம்மையைப் படுக்க வைத்தோம். மறுநாள் கட்டிவைக்கும்போது பிள்ளையின் முகம் மாறியது. சாக்கும் துணியும் கண்டால்தான் அவனுக்கு ஆகாதே!

"பாட்டி, இதெல்லாம் எங்கே போறது?"

"எங்கேயும் போகலைடா. தூங்கப் போறது."

"திரும்பி வருமா?"

"வராமல்? எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலேயிருந்து வந்துண்டிருக்கே!"

அவன் நம்பவில்லை. பெட்டியைப் பரணில் ஏற்றும்வரை கூடவே நின்றான். அப்புறம் என்னைப் பார்த்தான். "நீ குடுத்துட மாட்டியே?" என்று கேட்டான்.

சகோதரிகளே, என் தலையில் யாராவது குட்டியிருந்தால் கூட அப்படி உறைத்திருக்காது. மாமியார் அப்போது ஒன்றும் பேசவில்லை. ராத்திரி நான் பால் கொண்டு போய்க் கொடுத்தபோது சொன்னார்: "இங்கே பாரும்மா. கொலு பொம்மை வருஷத்திலே பத்து நாள்தான் வெளியிலே இருக்கு. அதனாலேதான் ஐம்பது வருஷமாகியும் அலுக்கலே. வருஷம் பூராப் பரத்தி வைச்சிருந்தால் நானே தூக்கிப் போட்டிருப்பேன். அவன் சாமானையும் தூங்கப் போடேன். ஆனால் அவன் கையாலே போடட்டும். எழுப்பறதும் அவன் கையாலேயே இருக்கட்டும்."

இவ்வளவுதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் அதைச் செய்த விதம்.

*

முதலில் எண்ணினோம். சாக்குகள் போன பிறகும் நூற்று நாற்பத்தேழு இருந்தன! எண்ணுவதைக் குழந்தைகளிடமே விட்டேன். பெண்ணுக்கு அது கணக்குப் பாடமாயிற்று. பிறகு கூடத்தில் நாலு பாய் விரித்தோம். முதல் பாய் "விழித்திருப்பவை", இரண்டாவது "தூங்குபவை", மூன்றாவது "வைத்தியம் தேவை", நாலாவது "வேறு வீட்டுக்குப் போகிறவை". எதை எந்தப் பாயில் வைப்பது என்பது குழந்தைகளின் முடிவு. நான் வாயைத் திறப்பதில்லை என்று முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கைக் காப்பாற்றுவது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் தம்பி கொண்டு வந்த பேட்டரிக் கார் நேராக நாலாவது பாய்க்குப் போயிற்று! வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

நாலாவது பாயில் முதல் நாள் பிள்ளை வைத்தது அந்த ஒன்றுதான். பரவாயில்லை என்று விட்டேன். நமக்குத்தான் அவசரம், குழந்தைக்கு என்ன அவசரம்?

தூங்குபவற்றை மூன்று அட்டைப் பெட்டிகளில் போட்டு, மேலே உள்ளே இருப்பவற்றின் படத்தைப் பெண் வரைந்து ஒட்டினாள். பெட்டிகள் என் கட்டிலுக்கு அடியில் இருந்தன, பரணில் ஏற்றவில்லை. காரணம், பிள்ளை முதல் ஒரு வாரம் தினம் ஒரு தடவை வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். "எல்லாம் இருக்கா?" என்று கேட்டால், "இருக்கு" என்பான். இரண்டாவது வாரம் இரண்டே தடவை. மூன்றாவது வாரம் மறந்துவிட்டான். தலையணை உறைக்குள்ளிருந்த மிருகங்களும் ஒருநாள் தாமாகவே கூடைக்கு வந்துவிட்டன. நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியை எழுப்புகிறோம். விழித்திருந்தவை அதற்குள் போய்த் தூங்குகின்றன. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு குட்டிக் கொலுதான். ஒரு பைசா செலவில்லாமல் மாதா மாதம் புதுப் பொம்மை! அந்த ஞாயிற்றுக்கிழமையை நாம் தவற விடக் கூடாது. தூங்கப் போனது எழுந்து வரவில்லை என்றால், அடுத்த தடவை குழந்தை பெட்டியை நம்பாது.

"பொம்மையைக் குறைத்தால் குழந்தை ஏங்கிப் போகாதா?" என்று எதிர் வீட்டு மாமி கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்து 2018-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியைப் படித்தேன். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குட்பட்ட 36 குழந்தைகள். ஒரு தடவை நாலு பொம்மைகளோடும், இன்னொரு தடவை பதினாறு பொம்மைகளோடும் ஒவ்வொரு குழந்தையையும் விளையாட விட்டுக் கவனித்தார்கள். நாலே பொம்மைகள் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடின. பதினாறு இருந்தபோது ஒன்றை எடுப்பதும் போடுவதுமாகத் தாவிக்கொண்டிருந்தன. கல்யாணப் பந்தியில் இலை நிறையப் பட்சணம் வைத்தால் நாம் ஒன்றையும் ருசித்துச் சாப்பிடுவதில்லையே, அதே கதைதான்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1907-ல் ரோமாபுரியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை ஆரம்பித்த மரியா மாண்டிஸோரி அம்மையார், 1939-ல் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் மூண்டதால் வருஷக்கணக்கில் இந்தியாவிலேயே, கோடைக்கானலிலும் தங்கினார். அவருடைய வகுப்பில் ஒவ்வொரு சாமானும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். எடுத்த குழந்தையே திரும்ப வைக்கும். வேறொரு குழந்தை கையில் அது இருந்தால் காத்திருக்கும். நம் வீட்டில் என்ன செய்கிறோம்? பொம்மைகளை எட்டாத உயரத்தில் அடுக்கிவிட்டு, "எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதா?" என்று கத்துகிறோம். எடுத்த இடம் அவனுக்கு எட்டினால் அல்லவா வைப்பான்! நான் எங்கள் செருப்பு அலமாரியைக் காலி செய்து, துடைத்து, சாயம் பூசி அவர்களுக்குக் கொடுத்தேன். இரண்டே தட்டு. அதில் கொள்வதுதான் விழித்திருக்கலாம்.

*

இன்னும் சில அனுபவங்களைச் சொல்கிறேன். உங்களுக்கு உபயோகப்பட்டால் சந்தோஷம்.

சிறு சிறு துண்டுகளாக இருக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கு எங்கள் மாமியார் சொன்ன யுக்தியைப்போல வேறில்லை. பழைய இரட்டை வேஷ்டி ஒன்றை விரித்து, அதன் மேல்தான் விளையாட வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் எல்லாம் மூட்டைக்குள். பொறுக்க வேண்டிய வேலையே இல்லை. அவருடைய சின்ன வயதில் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளை இப்படித்தான் கட்டி வைப்பார்களாம். அடுப்பு, அம்மி, குடம், இட்டிலிக் கொப்பரை எல்லாம் ஒரு சின்ன ஓலைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பேட்டரி கிடையாது, கத்தாது. ஒரு குடும்பமே அதற்குள் நடக்கும்.

தூங்கும் பெட்டியில் கொலுப் பெட்டிக்குப் போடுவதுபோல் அந்துருண்டை போடாதீர்கள். குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் விஷம். உலர்ந்த வேப்பிலைக் கொத்துப் போதும். பொத்தான் மாதிரி இருக்கும் சின்ன பேட்டரி போட்ட சாமான் இருந்தால், அதன் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பொத்தானைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் வாய்க்குள் அடங்கும் சாமான் எதுவும் தரையில் வேண்டாம். புதிதாக வாங்கும் பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

உறவினர்களின் அன்பளிப்பை என்ன செய்வது என்பது மிகவும் நாசூக்கான சமாசாரம். "கொண்டு வராதீர்கள்" என்று சொன்னால் மனஸ்தாபம். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "இவனை மிருகக்காட்சி சாலைக்கு நீயே அழைத்துக்கொண்டு போயேன், உன்னோடு போவதென்றால் அவனுக்கு உயிர்" என்று தம்பியிடம் சொன்னேன். வண்டலூரில் அவர்கள் கழித்த ஒரு நாளைப் பற்றிப் பிள்ளை மூன்று மாதம் பேசினான். பேட்டரிக் காரைப் பற்றி மூன்று நாள் கூடப் பேசியதில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கும் இதையே வேறு விதமாகச் சொன்னேன். இப்போது பார்சல் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பது வரை அவர் சோபா பஸ்ஸில் பிரயாணி. டிக்கெட் வாங்காமல் ஏறியதற்காக இரண்டு தடவை கண்டக்டர் இறக்கிவிட்டிருக்கிறாள்.

"வேறு வீட்டுக்குப் போகிறவை" விஷயத்தில் இரண்டு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். உடைந்ததைத் தானம் கொடுப்பதில்லை. நம் குழந்தைக்கு ஆகாதது இன்னொரு குழந்தைக்கு மட்டும் எப்படி ஆகும்? கழுவி, துடைத்து, பேட்டரி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். பக்கத்து அங்கன்வாடிக்குக் கொடுப்பதானால் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன். உடைந்த பிளாஸ்டிக்கைப் போகிக்கு எரிக்கலாமே என்று தோன்றுகிறதா? அந்த எண்ணமே வேண்டாம். 2018-ல் போகிப் புகையால் சென்னையில் ஆகாய விமானங்களே வந்து இறங்க முடியாமல் போயிற்று. பிளாஸ்டிக் புகை நம் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போய்ச் சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும்போது எதையும் எடுக்காதீர்கள். நமக்கு அது நசுங்கிய மூடி. அவனுக்கு அது எது என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு: கேட்பது.

*

இது நடந்து வருஷம் ஒன்றாகிறது. எங்கள் கூடத்தில் இப்போது எல்லோரும் காலைத் தூக்கி வைத்து நடக்கிறோம். மாமியாருக்கு மணிக்கட்டில் மழை நாளில் மட்டும் கொஞ்சம் வலி. நூற்று நாற்பத்தேழு இப்போது அறுபத்தொன்று. நான் குறைக்கவில்லை, அவர்களே குறைத்தார்கள். பேட்டரிக் காரைக் காவற்காரர் வீட்டுப் பையனுக்குப் பிள்ளை தானே கொண்டு போய்க் கொடுத்தான். அவன் கேட்டுக்கொண்டபடி நான் கூடப் போகவில்லை.

போன மாதம் ஒருநாள் சமையலறைப் பரணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். காது போன வாணலி, மூடி தொலைந்த கூஜா, சீராக வந்து உறை கூடப் பிரிக்காத பாத்திரங்கள், தயிர் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள் நாற்பதோ ஐம்பதோ.

"அம்மா, இதெல்லாம் விழிச்சிண்டிருக்கா, தூங்கறதா?" என்றான்.

என்ன பதில் சொல்வது? நான் கொஞ்சமும் யோசிக்காமல், "இதெல்லாம் வேணும்டா கண்ணா" என்றேன். அவன் என்னைப் பார்த்துப் பெரிய மனிதன் போலத் தலையை ஆட்டினான். "சரி, உன்னைக் கேட்காமல் குடுக்க மாட்டோம்" என்றான்.

ஸ்டூலிலிருந்து இறங்கி நாலு பாய் விரித்தேன். டப்பாக்களில் முக்கால்வாசி நாலாவது பாய்க்குப் போயின. அவற்றின் நடுவே ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடம் இருந்தது. அதற்கு மூடி இல்லை. அதன் மூடியைத்தான் நான் எண்பத்தாறு ரூபாயோடு சேர்த்து விற்றுவிட்டேன்.

அந்தச் சம்புடத்தை மட்டும் நான் எந்தப் பாயிலும் வைக்கவில்லை. கழுவித் துடைத்துப் பிள்ளையிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சோபாவின் பின்பக்கம் கொண்டு போய் வைத்தான்.

இப்போது அது கண்டக்டரின் சில்லறை டப்பா. பஸ் ஓடுகிறது.